வாசலில் ஒரு கருவாட்டுப் பொட்டலம்

"பிஸ்கட், தொடாதடி! வாயை எடு!"

கதவைத் திறந்ததும் முந்திக்கொண்டு வெளியே போன பூனையின் மூக்கடியிலிருந்து பொட்டலத்தைப் பிடுங்கினாள் ஓர்லா. சிவப்புத் தாள், அதன் மேல் சிவப்பு நூல். பூனை கிழித்திருந்த மூலை வழியே பார்த்தாள்: பருமனான கருவாட்டுத் துண்டுகள், ஒரு சின்னப் பை உப்பு, ஒரு கட்டி பழுப்புச் சர்க்கரை.

யார் வேலை என்று அவளுக்குச் சந்தேகமே இல்லை. குளிர்காலம் வந்தால் சீனாவின் இந்த ஷாவோசிங் நகரில் பால்கனிக்குப் பால்கனி மீன் காயும். ஆனால் அந்தக் குடியிருப்பில் இவ்வளவு பெரிய கெண்டையைக் காயப்போடுகிறவர் ஒருவர்தான், கீழ்வீட்டு பாங்.

ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். பஸ்ஸை விட்டுவிட்டு ஹாரனை மட்டும் தொண்டையில் வைத்துக்கொண்டார். அவர் வீட்டுக் கயிற்றிலிருந்து பிஸ்கட் மீனைக் கவ்விக்கொண்டு ஓடும்போதெல்லாம், "திருட்டுக் கழுதை! மாட்டினே, தோலை உரிச்சுடுவேன்!" என்று அவர் போடும் சத்தம் மொட்டை மாடிவரை கேட்கும்.

ஓர்லா அயர்லாந்துக்காரி. பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் சொல்லிக்கொடுக்க வந்தவள். வந்த புதிதில் சைக்கிள் கொட்டகையில் நனைந்து கிடந்த இந்த மூன்று நிறக் குட்டிதான் அவளுக்கு முதல் சிநேகிதம். அவளுடைய அரைகுறைச் சீன மொழியைச் சிரிக்காமல் கேட்டதும் அது ஒன்றுதான்.

இப்போது வேலை முடிந்துவிட்டது, ஞாயிற்றுக்கிழமை விமானம். டப்ளினில் அண்ணன் வீட்டில்தான் தங்க வேண்டும், அண்ணிக்கோ பூனை முடி பட்டாலே மூச்சு இரைக்கும். பிஸ்கட்டை மறுபடியும் அந்தக் கொட்டகையில் விட்டுவிட்டுப் போக ஓர்லாவுக்கு மனம் வரவில்லை.

'இந்தப் பூனைக்கு ஒரு வீடு வேண்டும்' என்று எழுதி லிஃப்டில் ஒட்டினாள். அன்று மாலையே பாங் அதைக் கிழித்தெடுத்து, மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு போவதைக் கண்ணாலேயே பார்த்தாள். அதற்குப் பிறகு இந்தப் பொட்டலம்.

உடன் வேலை பார்க்கும் தென்னாப்பிரிக்கக்காரன் யோஹானுக்குப் போன் போட்டாள்.

"கருவாடா? வாசல்லயா? ஐயையோ, விஷம் தடவியிருப்பார் ஓர்லா!"

"அப்போ உப்பும் சர்க்கரையும் எதுக்கு? பூனை உப்பு திங்குமா?"

"வாடையை மறைக்கத்தான்! நீ கிளம்பப் போறேன்னு தெரிஞ்சுபோச்சு. இனிமே கேக்க ஆள் இல்லைன்னு பழைய பகையைத் தீத்துக்கறார் மனுஷன்."

ஓர்லாவுக்கு ரத்தம் கொதித்தது. பிஸ்கட்டை உள்ளே தள்ளிப் பூட்டிவிட்டு, பொட்டலமும் கையுமாகத் தடதடவென்று படியிறங்கினாள்.

பாங் கதவைத் திறந்தார். புதுச் சட்டை போட்டு, தலையைத் தண்ணீர் தொட்டுப் படிய வாரியிருந்தார். எங்கோ விசேஷத்துக்குக் கிளம்புகிறவர் மாதிரி இருந்தது.

"பாங் மாமா, இது உங்க வேலைதானே?"

"ஆமாம்மா." வழக்கமான ஹாரனைக் காணோம்.

"எனக்கு வேண்டாம். நீங்களே வச்சுக்குங்க!" பொட்டலத்தை அவர் கையில் திணித்தாள்.

அவர் முகம் தொங்கிப்போனது. "வேற இடத்துல பேசி முடிச்சுட்டியா?"

"என்ன பேசி முடிக்கறது? வாயில்லா ஜீவனைக் கொல்லப் பாத்தீங்களே, வெக்கமா இல்லை? இதுல என்ன விஷத்தைக் கலந்தீங்க?"

"விஷமா!" பாங் ஒரு துண்டை உருவி, ஓரத்தைக் கடித்து மென்று விழுங்கினார். வாயைத் திறந்தும் காட்டினார். "என் கையால உப்புப் போட்டுக் காயவச்ச மீனும்மா இது!"

ஓர்லா விழித்தாள். அவருக்குப் பின்னால் ஹீட்டர் பக்கத்தில் ஒரு புதுக் கூடை, அதற்குள் மடித்துப் போட்ட கம்பளி.

"அப்போ லிஃப்டுல ஒட்டினதை ஏன் கிழிச்சீங்க?"

"வேற எவனாவது முந்திக்கிட்டா?" பாங் தலையைச் சொறிந்தார். "திருடிதான், இல்லேங்கலை. ஆனா இத்தனை வீட்டுல மீன் காயுதே, என் கயித்துல மட்டும்தானே வாயை வைக்கறா? ருசி தெரிஞ்சவம்மா அவ. அவளும் இல்லேன்னா காலையில எந்திரிச்சு நான் யாரைத் திட்டறது?"

"கேட்டிருந்தா கொடுத்திருப்பேனே மாமா! அதுக்கு எதுக்கு இந்தப் பொட்டலம்?"

"பூனையைச் சும்மா தூக்கிட்டு வர்றது எங்க வழக்கம் இல்லைம்மா. பொண்ணு கேக்கற மாதிரி, மீனு, உப்பு, சர்க்கரை வச்சு முறையாத்தான் கேக்கணும். நீதானே அவளுக்கு அம்மா?"

ஓர்லாவுக்குக் கண் நிறைந்துவிட்டது. சந்தோஷத்தில் அந்தச் சிவப்பு நூலையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

பாங் அவள் முகத்தையும் பொட்டலத்தையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு, பால்கனிக் கயிற்றில் ஆடிக்கொண்டிருந்த மீன்களைக் கவலையோடு திரும்பிப் பார்த்தார்.

"பரிசம் பத்தலையா? இன்னும் ரெண்டு மீன் சேத்துத் தரேன், பொண்ணைக் குடும்மா!"