வலது பக்கத்துக் கண்ணாடி

“வலது பக்கத்துக் கண்ணாடியில ஒண்ணும் தெரியக் கூடாதுங்கண்ணா. சொரசொரன்னு தேச்சுக் குடுத்திடுங்க.”

திம்மப்பனுக்குப் புரியவில்லை. ஓசூர் கடைவீதியில் மூக்குக்கண்ணாடிக்கு வில்லை தேய்க்கிறவர் அவர். மெருகு போதவில்லை என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. மெருகே வேண்டாம் என்று யாரும் வந்ததில்லை.

எதிரே நின்ற நஞ்சம்மா, அவருக்குத் தெரிந்த விவசாயி சென்னப்பனின் இரண்டாம் மனைவி. அவள் கையைப் பிடித்துக்கொண்டிருந்த ஆறு வயது ராஜாத்தி, இறந்துபோன மூத்தவள் பெற்ற பெண். அவர் தேய்த்து முடித்து வைத்திருந்த கண்ணாடி அவளுக்குத்தான்.

“இவளுக்கு வலது கண்ணு நல்லாத் தெரியுதேம்மா. இடதுதானே மங்கல்?”

“ஆமாங்கண்ணா. இடது அப்படியே இருக்கட்டும்.”

பக்கத்தை மாற்றிச் சொல்கிறாளோ என்று மறுபடி கேட்டார். வலதுதான் என்றாள். தெரிகிற கண்ணை எதற்கு மறைக்க வேண்டும்? குழம்பிப்போய், சென்னப்பனை ஒரு வார்த்தை கேட்டுவிடலாமே என்றார். அவள் முகம் மாறியது.

“அவருக்குத் தெரிய வேணாம். அவரு வயலுக்குப் போனப்புறந்தான் மாட்டி விடுவேன்.”

திம்மப்பனின் மனதில் ஏதேதோ ஓடியது. தான் மறுத்தால் இவளே வில்லையைக் கல்லில் உரசி, விளிம்பு பெயர்ந்து, சில்லு குழந்தையின் கண்ணில் விழுமோ என்று பயம் வந்தது. அந்தப் பயத்தில்தான் இரும்புக் கிண்ணத்தில், வில்லை தேய்க்கும் குருந்தப் பொடியைக் குழைத்து, சக்கரத்தை மிதித்தார். நாள் முழுக்க உட்கார்ந்து ஏற்றிய மெருகு, பார்த்துக்கொண்டிருக்கும்போதே பால் படிந்ததுபோல் வெளுத்தது.

கழுவித் துடைத்துச் சட்டத்தில் பொருத்திக் கொடுத்தார். மாட்டிய உடனே ராஜாத்தி தடுமாறி, மேசையில் நெற்றியை இடித்துக்கொண்டு அழுதாள். திம்மப்பனுக்குத் தாங்கவில்லை. கண்ணாடியைக் கழற்றித் தன் கையில் வைத்துக்கொண்டார்.

“நீ பெத்த புள்ளையா இருந்தா இப்படிச் செய்வியாம்மா?”

நஞ்சம்மா குழந்தையின் நெற்றியைத் தேய்த்துவிட்டாள்.

“நல்ல கண்ணக் கொஞ்ச நாள் மூடி வெச்சாத்தான் மங்கக் கண்ணு பாக்கப் பழகும்னு பெங்களூரு டாக்டரு சொன்னாருங்கண்ணா. இருக்கிற கண்ணும் போயிடும்னு இவ அப்பா ஒத்துக்கல” என்றாள். பிறகு தன் வலது கண்ணை உள்ளங்கையால் பொத்திக்கொண்டு அவரைப் பார்த்தாள்.

“எனக்கும் இவளாட்டந்தான் இருந்துச்சு. சின்னதுல யாரும் மூடி வெக்கல. இப்ப உங்க மொகமே தெரியல.”