இரண்டு சொட்டு ரத்தம்

கருவி 'பீப்' என்றது.

அவன் நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டான்.

"உக்காருங்க. இது பெரியவளோடது," என்றார் டாக்டரம்மா. "ரத்தத்துல ஈயம் இல்லேன்னே சொல்லலாம். எதிர்பார்த்ததுதான்."

பக்கத்து அறையில் நர்ஸ் விரல் நுனியில் குத்தி எடுத்தனுப்பிய இரண்டு சொட்டு ரத்தம். ஒன்று முடிந்தது. இன்னொன்றைக் கருவிக்குள் வைத்தார்.

பெரியவள் பிரச்சினையே இல்லை. பஸ் போர்டு, மருந்து பாட்டில், எது கண்ணில் பட்டாலும் படித்துத் தள்ளுவாள். சின்னவள்தான். ஏழு வயதாகியும் ஒரு வரியைத் தாண்டுவதற்குள் எழுத்துகள் அவளிடமிருந்து நழுவிவிடும். அடுத்த நொடி ஜன்னலில் இருப்பாள். அதற்கடுத்த நொடி மேஜைக்கு அடியில்.

இத்தனைக்கும் இருவரும் ஒரே கருவிலிருந்து பிரிந்த இரட்டையர். அடையாளம் சொல்வதில் அவனே நாலு தடவை ஏமாந்திருக்கிறான்.

அதுதான் டாக்டரம்மாவைக் குடைந்தது. இந்த மாதிரித் தடுமாற்றம் பரம்பரையில் வரலாம், சுற்றுப்புறத்தால் வரலாம், இரண்டும் கைகோத்துக்கொண்டும் வரலாம். இங்கே பரம்பரை ஒன்று. வீடு ஒன்று. சோறும் ஒரே பானைச் சோறு. அப்புறம் சின்னவளை மட்டும் தொட்டது எது?

"வேலை முடிச்சு வந்ததும் குளிப்பீங்களா?" என்று போன வாரம் அவனிடம் கேட்டிருந்தார்.

பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்கும் பட்டறையில் அவனுக்கு வேலை. குளிப்பான்தான். சின்னவள் விட்டால்தானே? வாசலிலேயே பாய்ந்து தோளில் தொற்றிக்கொள்வாள். பட்டறைச் சட்டையில் முகம் புதைத்தபடி தூங்கியும் போவாள். பெரியவள் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "முதல்ல குளிச்சிட்டு வாங்கப்பா, நாத்தம்!" என்று தள்ளியே நிற்பாள்.

"ஈயம்னா இன்னிக்கே நிறுத்தியாகணும்," என்றிருந்தார் டாக்டரம்மா. "நாளாக ஆக உடம்புல சேந்துக்கிட்டே போகும்."

அன்றிலிருந்து அவனுக்குத் தூக்கம் போயிற்று.

மனைவி அவன் முழங்கையைப் பிடித்திருந்தாள். நேற்றுவரை, "எங்க வீட்ல எல்லாரும் படிச்சவங்க. இது உங்க வம்சத்துச் சீதனம்" என்று குத்திக் காட்டியவள், இப்போது அந்தப் பிடியை விடவில்லை.

பீப்.

டாக்டரம்மா திரையைப் பார்த்தார். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார்.

"ஆச்சரியமா இருக்கே... சின்னவளுக்கும் இல்லை. அச்சு அசல் அதே அளவு."

"அப்ப என் சட்டை?"

"உங்க சட்டை மேல பழி போட முடியாது. பரம்பரைப் பக்கம்தான் தேடணும். இரட்டையர்னாலும் எல்லாமே ஒரே மாதிரி அமையணும்னு இல்லையே."

அவன் துள்ளிய துள்ளலில் நாற்காலி மல்லாந்து விழுந்தது.

"என் வம்சம்தான் டாக்டரம்மா! சந்தேகமே வேண்டாம்! நானே எட்டாங்கிளாஸை எட்டிப் பாத்துட்டு ஓடி வந்தவன். எங்கப்பாவுக்கு அதுகூட இல்லை. எங்க சித்தப்பா..."

"போதும், மானத்தை வாங்காதீங்க," என்றாள் மனைவி. சிரிப்பும் அழுகையும் ஒன்றாக முட்டிக்கொண்டு வந்தன அவளுக்கு.

வம்சத்துக் குறையை இப்படிக் கூவிக் கொண்டாடியவன் உலகத்திலேயே அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

கதவைத் திறந்துகொண்டு வெளியே பாய்ந்தான். வராந்தா பெஞ்சில் இருவரும் காலாட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். சின்னவளை அள்ளித் தூக்கி ஒரு சுற்றுச் சுற்றினான். அவள் கைகளைப் பிரித்து வைத்து விரல் விரலாக முத்தம் கொடுத்தான்.

கடைசி விரலில் நின்றான்.

எந்த விரலிலும் ஊசி குத்திய தடம் இல்லை.

மெல்லத் திரும்பினான். பெரியவள் சட்டென்று கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"காட்டு கண்ணு."

வலது மோதிர விரலில் ஒரு பிளாஸ்திரி. இடது மோதிர விரலில் இன்னொன்று.

"ஊசின்னா அவ அழுவாப்பா," என்று கிசுகிசுத்தாள். "நர்சக்கா அடுத்த ஆள் வரலாம்னாங்க. நானே திரும்பவும் போயிட்டேன். அவங்களுக்குத் தெரியவே இல்லை!"

கெட்டிக்காரத்தனம் பலித்த பெருமை அவள் முகம் முழுக்க.

உள்ளே மனைவி சிரித்தபடி நாற்காலியை நிமிர்த்தி வைக்கும் சத்தம் கேட்டது. வராந்தாவில் வேறு யாரும் இல்லை. பார்த்தவன் அவன் ஒருவன்தான்.

சின்னவளை இன்னும் இறுக்கிக்கொண்டு, கதவைக் காலால் தள்ளினான்.

"டாக்டரம்மா, மெஷினை அணைச்சிடாதீங்க!"