இன்னும் மூன்று ராத்திரி

ஒன்பதாவது கேசட் மட்டும் கடைசி வரை ஓடிய நிலையில் கிடந்தது. டேரன் அதை வீடியோ டெக்கில் தள்ளி, முழுதாகப் பின்னால் சுற்றினான்.

பிறகு காலி ஹாலில் தரையில் உட்கார்ந்தான். சோபாவைக் காலையில்தான் யாரோ வந்து தூக்கிக்கொண்டு போயிருந்தார்கள். அப்பா இறந்து ஐந்து வாரம் ஆகிறது. நாளை வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட வேண்டும். ஈரி ஏரியிலிருந்து அடித்த பனி ஜன்னலைப் பாதி மூடியிருந்தது.

சமையலறையில் அக்கா ஜனீன் கடைசிக் கோப்பைகளைச் செய்தித்தாளில் சுற்றிக்கொண்டிருந்தாள். முப்பத்தாறு வயது ஆம்பளை கார்ட்டூன் பார்க்க உட்கார்ந்திருப்பதைப் பற்றி அவளுக்குச் சொல்ல நிறைய இருந்தது. எல்லாவற்றையும் காலையிலேயே சொல்லி முடித்துவிட்டாள்.

அவன் தேடியது கார்ட்டூனை அல்ல, நடுவில் வரும் அறிவிப்பை.

அவன் சிறுவனாக இருந்தபோது ஒரு டிசம்பரில் குழந்தைகளின் கார்ட்டூன் சேனல் தினமும் ஒன்று போட்டது. களிமண் பனிமனிதன் ஒருவன் வருவான். கிறிஸ்துமஸுக்கு இன்னும் எத்தனை ராத்திரி என்று சொல்லிவிட்டுத் தன் கேரட் மூக்கையே கடித்துத் தின்பான். பன்னிரண்டில் தொடங்கி ஒன்று வரை. ஒரு நாளுக்கு ஒரு எண். மறுநாள் அது கிடையாது.

இதற்கென்றே இணையத்தில் ஒரு கூட்டம் இருந்தது. ஊர் ஊராகப் பழைய கேசட்டுகளைத் துழாவிப் பதினோரு எண்களைப் பிடித்துவிட்டார்கள். மூன்று என்ற எண் மட்டும் அகப்படவில்லை. அப்படி ஒன்று வரவே இல்லை என்று சாதிக்கிறவர்களும் உண்டு.

வந்தது. டேரன் பார்த்திருக்கிறான். அம்மாவோடு பார்த்தான்.

அவள் முகம்கூட அவனுக்கு ஞாபகமில்லை. அவனிடம் இருப்பது இது ஒன்றுதான்: ஒரே போர்வைக்குள் பக்கத்தில் கதகதப்பாக ஓர் உடம்பு. பனிமனிதன் "இன்னும் மூணே ராத்திரி" என்றதும், காதோரம் மூக்கால் பேசிய ஒரு குரல்: "ஒழுங்கா தூங்கினாத்தான்." வயிறு வலிக்கச் சிரித்தான். அப்போது ஐந்து வயது.

புத்தாண்டு கழிந்து அம்மா வீட்டை விட்டுப் போய்விட்டாள் என்று பின்னால் அப்பா சொன்னார். ஏன் என்று சொல்லவில்லை. போனவள் ஒரு கடிதம்கூடப் போடவில்லை. ஆனாலும் போவதற்கு முன் ஒரு நாள் தன்னை அணைத்துக்கொண்டு சிரிக்க வைத்தாள் என்பதை வைத்துக்கொண்டுதான் அவன் இத்தனை வருடம் ஓட்டியிருக்கிறான்.

முதல் எட்டு கேசட்டிலும் விளம்பரமே இல்லை. டிவியிலிருந்து கார்ட்டூனைப் பதிவுசெய்யும்போது அம்மா ரிமோட்டோடு உட்கார்ந்திருப்பாளாம். விளம்பரம் தொடங்கியதும் பதிவை நிறுத்துவாள், கார்ட்டூன் திரும்பியதும் விடுவாள். பொம்மை விளம்பரங்களைத் திரும்பத் திரும்பப் பார்த்தால் பிள்ளைகள் அதையே கேட்டு உயிரை எடுக்கும் என்பது அவள் கவலை. நிறுத்திய இடத்தில் திரை ஒருமுறை துள்ளும், அவ்வளவுதான். எட்டு கேசட்டில் ஒரு தடவைகூட அவள் கை தவறவில்லை.

ஒன்பதாவது ஓடத் தொடங்கியது. எலி ஓடியது, பூனை துரத்தியது. முதல் இடைவேளையில் திரை துள்ளியது.

இரண்டாவது இடைவேளையில் துள்ளவில்லை.

பொம்மை லாரி வந்தது. அதன் பின்னால் சர்க்கரை தூவிய காலை உணவு, பிறகு அழுகிற பொம்மை. ஒன்றுவிடாமல், முழுசாக.

டேரனுக்கு முதலில் தலைகால் புரியாத சந்தோஷம். பனிமனிதனும் இருப்பான், இந்தக் கேசட்டில் நிச்சயம் இருப்பான்.

பிறகுதான் அந்தக் கேள்வி வந்தது. அவள் ஏன் நிறுத்தவில்லை?

அதற்குள் பனிமனிதன் வந்துவிட்டான். நிறம் கொஞ்சம் வெளுத்திருந்தான். மூன்று விரலைக் காட்டினான்.

"இன்னும் மூணே ராத்திரி!"

"ஒழுங்கா தூங்கினாத்தான்."

குரல் பின்னாலிருந்து வந்தது. மூக்கால் பேசிய அதே குரல்.

டேரன் திரும்பினான். சமையலறை வாசலில் ஜனீன், பாதி சுற்றிய கோப்பையோடு நின்றிருந்தாள். வாய்விட்டுச் சொன்னது அவளுக்கே தெரியாது போலிருந்தது. அவள் கண் திரையில்தான் இருந்தது.

அப்படியானால் அன்று போர்வைக்குள் பக்கத்தில் இருந்தது இவள்தான். அம்மா புத்தாண்டு கழிந்து போனதாகத்தானே அப்பா சொன்னார் என்று கேட்டான்.

ஜனீன் வந்து தரையில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆயுசுக்கும் அவன் கிறிஸ்துமஸ் கெட்டுப்போக வேண்டாம் என்று அப்பாவும் அவளுமாக அப்படிச் சொல்லி வைத்தார்களாம். அவளுக்கு அப்போது பதினொரு வயது.

ரிமோட் யாரிடம் இருந்தது என்று கேட்டான்.

"என்கிட்டதான். பால் வாங்கிட்டு வரேன், விளம்பரம் வந்தா நிறுத்துன்னு குடுத்துட்டுப் போனாங்க. கையில பெட்டி இருந்துச்சுடா."

திரையில் ஒரு பற்பசை போய் இன்னொரு பொம்மை வந்தது. ஜனீன் கோப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

"நிறுத்தாம விட்டா, திட்டுறதுக்காவது வருவாங்கன்னு நினைச்சேன்."

ஆறு மணி நேரக் கேசட். கடைசி வரை ஓடியிருந்தது.