முழு சார்ஜ்

“பொம்மைக்குச் சார்ஜ் போடறதுக்காங்க ஆஸ்பத்திரியில கரண்டு வுட்டிருக்காங்க?”

மஞ்சுளா சக்கரவர்த்தியிடம் கேட்டாள். அவள் பிடுங்கிப் போட்ட ஒயரை அவர் எடுத்து மறுபடியும் பிளக்கில் சொருகினார். கையகல ஹெலிகாப்டரின் வயிற்றில் சிவப்பு விளக்கு எரிந்தது.

மலைமேல் இருந்த அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில், குழந்தைகள் வார்டுக்கு ஒரே பிளக். மஞ்சுளாவின் போன் அணைந்து கிடந்தது. பெங்களூரில் வேலை செய்யும் புருஷன், பிள்ளைக்கு என்ன ஆச்சோ என்று பதறிப்போவான்.

“ஒரு மணி நேரமா ஏறுது. இன்னும் எவ்ளோ நேரம்?”

“விளக்கு அணையட்டும்மா. அப்பறம் நீ போட்டுக்க.”

ஒரு மணி நேரம் சார்ஜ் ஏறினால் அது அஞ்சு நிமிஷம் பறக்கும். அந்த அஞ்சு நிமிஷமும் அவர் மகள் தேவயானிக்குத்தான்.

பத்து வயசுப் பெண். வேலூர் வரைக்கும் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தவளாம். முகமெல்லாம் வீங்கி, எழுந்து உட்காரக்கூட முடியாமல் படுத்திருந்தாள். அப்பா ரிமோட்டைத் தள்ளுவார். ஹெலிகாப்டர் கட்டிலுக்கு மேலே சுற்றும். அவள் கண்கள் மட்டும் கூடவே சுற்றும். கீழே இறங்கியதும், “இன்னொரு வாட்டிப்பா” என்பாள். அவர் மறுபடியும் பிளக்கைத் தேடிப் போவார்.

அடுத்த கட்டிலில் மஞ்சுளாவின் மகன் வெற்றிவேல். ஆறு வயசு. காய்ச்சல். கையில் ஊசியோடு, “எனக்கும்மா, எனக்கும்மா” என்று அழுவான்.

“ஒரே ஒரு தடவ குடுங்கண்ணா. புள்ள ஏங்கிப் போறான்.”

“சார்ஜ் இல்லம்மா.”

எப்போது கேட்டாலும் இதே பதில்தான். தாயில்லாப் பெண் என்று நாலு நாள் பொறுத்துப் பார்த்தாள் மஞ்சுளா. அதற்குமேல் முடியவில்லை.

“தம்புள்ள மட்டுந்தான் புள்ளயாட்டம் இருக்குது,” என்று நர்ஸ் ஜெயசுதாவிடம் சொன்னாள், அவர் காதில் விழும்படியாகவே. நர்ஸ் அடுத்த கட்டிலுக்குப் போய்விட்டாள்.

அஞ்சாம் நாள் காலையில் வெற்றிவேலை ரத்தம் எடுக்கத் தூக்கிக்கொண்டு போனாள். நீள வரிசை. திரும்பி வர இரண்டு மணி நேரமாகிவிட்டது.

வந்து பார்த்தால் தேவயானியின் கட்டில் காலி. விரிப்பை உருவி, மெத்தையைத் துடைத்து வைத்திருந்தார்கள். கட்டிவைத்த பையைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, பிளக்குக்குக் கீழே குந்தியிருந்தார் சக்கரவர்த்தி. ஹெலிகாப்டரில் சிவப்பு விளக்கு.

மஞ்சுளாவுக்குச் சுருக்கென்றது.

“இன்னாண்ணா, வூட்டுக்குப் போறப்பகூட இங்கியே சார்ஜ் ஏத்திக்கினு போறீங்களா?”

“வண்டி வர்ற வரைக்கும் சும்மாதானேம்மா குந்தியிருக்கணும்.”

“வண்டியெல்லாம் சொல்லிட்டாங்களா? நீங்க குடுத்து வெச்சவங்க. நாங்க இன்னும் எத்தினி நாள் கெடக்கணுமோ.”

அவர் தலையை மட்டும் ஆட்டினார்.

விளக்கு அணைந்தது. ஒயரைக் கழற்றினார். நேராக வெற்றிவேலின் கட்டிலுக்கு வந்து, அவன் கையில் ரிமோட்டை வைத்தார்.

“இத மெதுவாத் தள்ளு சாமி. மெதுவா… ஆங், அப்பிடித்தான்.”

ஹெலிகாப்டர் விர்ரென்று எழும்பியது. வெற்றிவேல் கெக்கெக்கென்று சிரித்தான். அஞ்சு நாளில் முதல் சிரிப்பு. வார்டே திரும்பிப் பார்த்தது.

போகிற நேரத்திலாவது மனசு வந்ததே என்று நினைத்துக்கொண்டாள் மஞ்சுளா. ஆனாலும் அவருக்கு நேரமாகிறதே.

“போதும்டா, மாமாகிட்ட குடுத்துடு. அவங்க கெளம்பணும்.”

“அவனே வெச்சிக்கட்டும்மா. முழுசா ஏத்தியிருக்கேன்.”

“ஐயோ, வாணாண்ணா! தேவயானி கேட்டு அழமாட்டாளா?”

சக்கரவர்த்தி குனிந்து பையை எடுத்தார்.

வாசலில் நர்ஸ் ஜெயசுதா வந்து நின்றாள். அவள் கண்கள் சிவந்திருந்தன.

“அண்ணா, அமரர் ஊர்தி வந்துடுச்சி. தேவயானிய ஏத்திட்டாங்க. வாங்க.”