மூன்றாவது ஊசி

"உனக்கு முதல்ல எண்ணத் தெரியுமா?" என்று கேட்டார் டாக்டர் கோட்டேஸ்வர ராவ், பெசரட்டுத் தோசையைப் பிய்த்துக்கொண்டே.

எதிரே நின்ற சுவார்த்தம்மா, கட்டுப் போட்ட விரலை மறு கையால் பொத்திக்கொண்டாள். குண்டூரில் ராவின் ஆஸ்பத்திரியில் அவள் பதினோரு வருடமாக வார்டு ஆயா. நேற்று குப்பையை அள்ளும்போது ஊசி ஒன்று அவள் விரலில் ஏறிவிட்டது. ஹெபடைடிஸ் பி காமாலை வந்த நோயாளிக்குப் போட்ட ஊசி அது.

"எனக்கு ரெண்டு தடுப்பூசிதான் போட்டாங்க, பாபு. சங்கராந்திக்கு முன்னாடி ஒண்ணு, ஒரு மாசம் கழிச்சு ஒண்ணு."

"மூணு போட்டாச்சு. மூணு போட்டவளுக்குக் காமாலை வராது. போய் வார்டைத் துடை."

அந்தக் காமாலைக்கு ஒரு கம்பெனி புதுத் தடுப்பூசி செய்திருந்தது. பெரியவர்களுக்கு அது பாதுகாப்பானதா, பலன் தருகிறதா என்று பார்க்கும் சோதனை இங்கே நடந்துகொண்டிருந்தது. ஆளுக்கு மூன்று ஊசி, மூன்றாவது ஆறாம் மாதம். ஊசி போட்டுக்கொண்ட அறுபது பேரும் ஆயாக்கள், துப்புரவுக்காரர்கள். ராவ் யாரையும் பெயர் சொல்லி அழைத்ததில்லை. எண்தான்.

அப்போது ஹைதராபாத்திலிருந்து வந்திருந்த கம்பெனி ஆய்வாளர் ஹைமவதி உள்ளே நுழைந்தார்.

"தாமதத்துக்கு மன்னிக்கணும் சார். தப்பு எங்க பக்கம்தான். அதை நேர்ல சொல்லத்தான்..."

ராவ் கடிகாரத்தைப் பார்த்தார். "பத்து நிமிஷம்தானே, போகட்டும். உட்காருங்க." அவரை மேலே பேசவிடாமல் பதிவேட்டைத் தள்ளினார். "பாருங்க, அறுபது பேருக்கும் மூணு டோஸும் முடிஞ்சாச்சு. ஒருத்தருக்குக் காய்ச்சல் இல்ல, கை வீக்கம் இல்ல. அடுத்த வாரம் விசாகப்பட்டினம் மாநாட்டுல இதைத்தான் படிக்கப் போறேன்."

ஹைமவதி சொல்ல வந்ததை விட்டுவிட்டுப் பக்கங்களைப் புரட்டினார். 'தொந்தரவு ஏதுமில்லை' என்று அறுபது பக்கத்திலும் ஒரே சாய்வில் எழுதியிருந்தது.

"அம்மா, நீங்களாவது கேளுங்க. எனக்கு ரெண்டுதான் போட்டாங்க" என்றாள் சுவார்த்தம்மா.

"நம்பர் சொல்லுங்க."

"இருபத்தேழு."

"இங்க உங்க கைநாட்டு இருக்கே" என்றார் ஹைமவதி, நிமிராமல்.

ராவ் சிரித்தார். "இதுங்களுக்கு நேத்து என்ன தின்னோம்ங்கறதே ஞாபகம் இருக்காது. இதுங்க பேச்சைக் கேட்டு வைத்தியம் பண்ண முடியுமா?"

சுவார்த்தம்மாவின் குரல் உடைந்தது. "எனக்கு ஒண்ணுன்னா என் பொண்ணுங்களை யாரு பாபு பாப்பாங்க?"

"அழறதுன்னா வெளியில போய் அழு."

அவள் போகவில்லை. சுவரோடு ஒட்டி நின்றாள்.

ஹைமவதி தலையைத் தூக்கினார். "ஒரு சம்பிரதாயக் கேள்வி சார். மூணாவது டோஸ் உங்க முன்னாலதானே போட்டாங்க?"

"என் கையாலேயே போட்டேன்."

"அறுபது பேருக்குமா?"

"இந்த மாசம் நாலாம் தேதி. ஒரே நாள்ல."

"அப்ப அதையே ஒவ்வொரு பக்கத்துலயும் எழுதிக் கையெழுத்துப் போட்டுடுங்க."

ராவுக்கு ஒரே உற்சாகம். அறுபது பக்கத்திலும் எழுதினார். பெயருக்குக் கீழே பட்டங்களையும் ஒன்று விடாமல் சேர்த்தார். கடைசிப் பக்கத்து மையை வாயால் ஊதிக் காயவைத்துக் கொடுத்தார்.

ஹைமவதி பதிவேட்டைப் பையில் போட்டு ஜிப்பை இழுத்தார். எழுந்துபோய் சுவார்த்தம்மாவின் கையைப் பிடித்தார்.

"வாங்கக்கா. இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போவோம். ரத்தம் பாத்துட்டு, பாதுகாப்புக்கு ஊசி போட்டுக்கலாம்."

"அவளுக்கு எதுக்குங்க அதெல்லாம்? அதான் மூணும் போட்டாச்சே" என்றார் ராவ்.

ஹைமவதி வாசலில் நின்று திரும்பினார்.

"மூணாவது ஊசி இன்னும் எங்க கம்பெனியை விட்டே கிளம்பல சார்."