தோற்ற பாட்டின் விலை

தங்கபுஷ்பம் பாடிய ஒரே பாட்டுக்கு, விநாடிக்கு இரண்டாயிரம் ரூபாய் என்று விலை போட்டிருந்தார்கள். அரசு உத்தரவுப்படி இனி ஆண்டுக்கு ஒரு பாட்டுதான் மிஞ்சும். போட்டியில் ஜெயித்த அந்தப் பாட்டுதான் ஆண்டின் பெயரும். தோற்றதெல்லாம், வீட்டில் வைத்திருப்பது உட்பட, இன்று ஐந்து மணிக்கு அழியும். வேண்டியவர்கள் அதற்குள் வாங்கிக்கொள்ளலாம்; வாங்கிய விநாடிகள் மட்டும் அழியாது. 2051-க்கு ஒரு குத்துப்பாட்டு ஜெயித்துவிட்டது. தங்கபுஷ்பத்துக்கு இரண்டாமிடம்.

பாத்திரக்கடை வைத்து நொடித்துப்போன அவள் கணவர் சேர்மத்துரை கவுன்ட்டரில் இருந்த பெண்ணிடம் பேரம் பேசினார்.

"செத்துப்போனவ குரலும்மா. பாத்துப் போடு."

"எல்லாரும் அதத்தான் சொல்லுதாவ, அண்ணாச்சி. கையில எவ்வளவு இருக்கு?"

"எட்டாயிரம்."

"நாலு விநாடி வரும். ஆனா மொத நாலு விநாடியில பாட்டே இல்ல, பாடுறதுக்கு மூச்சு இழுக்காவ, அவ்வளவுதான். நடுவுல வெட்டித் தரட்டா? ஒரு வார்த்தையாவது தேறும்."

சேர்மத்துரை சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார். ஐந்தாகப் பத்து நிமிடம்.

"வார்த்தை கெடக்கட்டும். மூச்சக் குடு. வீட்டுல அந்தச் சத்தந்தான் இல்ல."

கவுன்ட்டர் பெண் ரசீது எழுதினாள்: மூச்சு ஒன்று. விநாடி நான்கு. அதில் வரிக்குக் கழித்தது அரை விநாடி. மூச்சு முழுதாகாது. பாக்கி இல்லை.