கைலி கட்டிய ஜெனரல்

ஜெலுத்தோங் அடுக்குமாடி வராந்தாவில் காலை வெயில் சாய்ந்து விழுகிறது. முதுகுப்பையில் அரிசி மூட்டையோடு என் மகள் துளசி தண்டால் எடுக்கிறாள். பினாங்குப் பாலமே குலுங்குகிறது. "அரிசியைக் குடுடி, உலை கொதிக்குதுலா!" என்று அடுப்படியிலிருந்து கத்துகிறாள் என் மனைவி ஜெயலெட்சுமி. நாளை துளசிக்கு ராணுவ அதிகாரித் தேர்வு. நேர்காணல் ஒத்திகைக்குக் கைலி கட்டிய நான்தான் ஜெனரல்; என்னை அப்பா என்றில்லாமல், மலாய் மரியாதைப்படி துவான் என்றுதான் அவள் அழைக்க வேண்டும். மூட்டையை இறக்காமலே எழுந்து விறைத்து நிற்கிறாள். "கடல் தாண்டி சபா மாநிலத்துக்கு அனுப்புனா போவியா?" என்கிறேன். "போவேன், துவான்!" மாடிப் புறாக்கள் லங்காவித் தீவுவரை பறக்கின்றன. "அப்பாவ விட்டுட்டு இருக்க முடியுமா?" நெற்றி வேர்வை மூக்கு நுனியில் வந்து தொங்குகிறது, அவள் துடைக்கவில்லை. "முடியாது, துவான்." அப்புறம் தெருவுக்கே கேட்கும்படி சொல்கிறாள், "ஆனாலும் போவேன், துவான்!"